தம்பியின் கணையத்தோடு குற்றாலம் முதல் மதுரை வரை

இந்தப் பதிவில் அருவிப் படங்கள் கிடையாது. குற்றாலம் சீசன் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் மன்னிக்கவும். போன ஜூலையில் போனேன். சாரல் நன்றாக விழுந்த வாரம், ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். ஆனாலும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. நாலு நாள் லீவு சொல்லிவிட்டுச் சொந்த ஊரான தென்காசிக்குக் கிளம்பியவள், சென்னை திரும்ப ஒரு மாதம் ஆனது. இடையில் என் தம்பி சலீமை மதுரைக்குக் கூட்டிப்போய், அவன் கணையக் குழாயில் அடைத்திருந்த கற்களை எண்டோஸ்கோபி மூலம் எடுத்துவிட்டு வந்தோம்.

எங்கள் பக்கத்திலிருந்து இதே வலியோடு இதே சாலையில் எவ்வளவு பேர் போகிறார்கள் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மருத்துவ விஷயங்களில் எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். சலீம் இதை முழுக்கப் படித்துவிட்டு, "போடு லாத்தா" என்ற பிறகே வெளியிடுகிறேன். லாத்தா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்களிடம் அக்கா.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலை ஏழரை வாக்கில் தென்காசி. சீசன் நேரத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்பார்கள். சாரல் என்றால் நூற்றைம்பது. அன்று ஸ்டேஷனுக்கு சலீமே வந்திருந்தான். முப்பத்தெட்டு வயது. துபாயில் ஒரு குரோசரி கடையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, நீண்ட லீவில் ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டு பேன்ட்டை இழுத்துக் கட்டியிருந்தான். மெலிந்துவிட்டாயே என்று கேட்டேன். "இப்பதான் லாத்தா உடம்பு லேசா இருக்கு" என்று சிரித்தான்.

வீட்டில் உம்மா அதற்கு வேறு காரணம் வைத்திருந்தாள். "எம்மவன் நோன்பாளிலா! திங்களும் வியாழனும் தப்ப மாட்டான். இப்ப நடுவுலயும் வைக்கான்." ரமலானில் முப்பது நோன்பும் எல்லோரும் வைப்பார்கள். அதற்கு மேல் திங்கள், வியாழன் வைக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். துபாய் போய்த் திரும்பியவன் ஒருவன் அப்படி வைக்கிறான் என்றால் பெற்றவளுக்குத் தலை நிமிரத்தானே செய்யும்? கறிக்கடையில் சொல்லியிருக்கிறாள், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள், போனில் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள். எங்கள் வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு உம்மா இவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்டது இந்த நோன்பு விஷயத்தில்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை குற்றாலம் போனோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். டவுன் பஸ் அடிக்கடி உண்டு. நாங்கள் சலீமின் மனைவி பர்வீன், பிள்ளைகள், மூட்டை முடிச்சு என்று இருந்ததால், ஆலங்குளத்துக்காரரான செல்லத்துரை அண்ணாச்சியின் காரைப் பிடித்தோம். மெயின் அருவியில் கால் வைக்க இடமில்லை. ஐந்தருவிக்குப் போங்கள் என்றார் அண்ணாச்சி. அங்கும் வரிசைதான், ஆனால் நகர்கிற வரிசை. பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வரும்போது எனக்குப் பல் கிடுகிடுத்தது. கல்லைத் தின்றாலும் செரிக்கும் போலப் பசி. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அருவிக்கு வருகிறார்கள், மீதிப் பேர் அருவியில் குளித்த பிறகு தின்கிற பரோட்டாவுக்கும் கோழிக்கும் வருகிறார்கள் என்பது என் பழைய கருத்து.

மாற்றுத்துணி எடுக்க காருக்கு வந்தேன். கார் ஒரு பலாமரத்தடியில் நின்றது. பின் டயரை ஒட்டி சலீம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, நெற்றியை முழங்காலில் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தான். நண்பகல் வெயில்கூட இல்லை, சாரல். நோன்பு திறக்க இன்னும் அரை நாள் கிடந்தது.

"என்னலே இது? நோன்புன்னு சொன்னே?"

அவன் திடுக்கிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. "நோன்பு இல்ல லாத்தா."

"பெறவு?"

"சாப்பிட்டா வலிக்கும். சாப்பிடலன்னா ஏன் சாப்பிடலன்னு கேப்பாவ. நோன்புன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாவல்லா."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அவ்வளவு கோபம், அதைவிடப் பயம். தோளைத் தொட்டேன், எலும்பு கையில் தட்டியது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி, துபாயிலேயே இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வரும், குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். நாலு வாய் குறைத்தான், வலியும் குறைந்தது. ஒரு வேளையை விட்டான், இன்னும் குறைந்தது. ஊருக்கு வந்த பிறகு சாப்பிடாமல் இருக்க ஒரு மரியாதையான பெயர் தேவைப்பட்டது. நோன்பாளி வீட்டில் யாரும் தட்டை நீட்டி வற்புறுத்த மாட்டார்கள். பர்வீனுக்கு மட்டும் பாதி தெரியும். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான் என்று அவள் அன்று சாயங்காலம் என்னிடம் அழுதாள்.

"உம்மாட்ட மட்டும் சொல்லிறாத லாத்தா" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை தென்காசியிலேயே ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கற்கள், குழாய் வீங்கியிருக்கிறது என்று வந்தது. பார்த்த டாக்டர், இது நாள்பட்ட கணைய அழற்சி, எண்டோஸ்கோபி வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, மலை தாண்டித் திருவனந்தபுரம் என்று மூன்று வழி. தெரிந்தவர் ஒருவர் மதுரையில் இருந்ததால் அங்கே போனோம். உம்மாவிடம் வயிற்றில் கல் என்று மட்டும் சொன்னோம். அதுவரைக்கும் உண்மைதான்.

தென்காசியிலிருந்து மதுரை சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழி. நாலு மணி நேரம் ஆகும். போகவர கார் வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து ஐநூறுக்கு செல்லத்துரை அண்ணாச்சியே வந்தார். பஸ்ஸிலும் போகலாம். ஆனால் இந்த வலிக்காரர்களால் நிமிர்ந்து உட்கார முடியாது. பின் சீட்டில் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்து உட்காரும் வசதி காரில்தான் உண்டு. வாந்திக்கு ஒரு கவரும் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்படி டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சலீம், பர்வீன், நான் மூவரும் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். புளியங்குடியில் லாரிகளில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கியதும் வாசனை உள்ளே வந்தது, சலீம் அதை இழுத்து மூச்சு விட்டான். வாசுதேவநல்லூர் தாண்டுவதற்குள் வலி பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். அண்ணாச்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எதுலம்மா கோளாறு?"

"கணையத்துல அண்ணாச்சி."

"தப்பா நெனைக்காதிய. தம்பி தண்ணி போடுவாவளோ? எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்துச்சு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன பேச்சு இது என்று தொடங்கினேன். பின் சீட்டிலிருந்து சலீம், "விடு லாத்தா" என்றான். பிறகு அவரைப் பார்த்து, "இல்ல அண்ணாச்சி. ஒரு சொட்டு தொட்டதில்ல" என்றான்.

கார் கிளம்பிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான். துபாயில் முதல் தடவை கிளினிக்குப் போனபோது கூட வந்தவர்கள் ரூம்காரர்கள் இரண்டு பேர். டாக்டர் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு நாளாகக் குடிக்கிறாய் என்பதுதான். அவன் இல்லை என்றான், டாக்டர் நம்பாமல் திரும்பக் கேட்டார். ரூமுக்கு வந்ததும் அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. தொழுகைக்கு முன்வரிசையில் நிற்கிறவனைப் பாரு, ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான் என்று. "அவனுவ எல்லாம் நம்மூர்ப் பக்கத்துக்காரனுவ லாத்தா. இது உம்மா காதுக்கு வந்தா?" அதனால்தான் மறுபடி எந்த டாக்டரிடமும் போகவில்லை. வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கினான், ஊருக்கு வந்ததும் நோன்பு என்று சொன்னான்.

செல்லத்துரை அண்ணாச்சிக்கு எல்லாம் கேட்டிருக்கும். மதுரை வரை அவர் பாட்டு போடவில்லை. திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தியபோது சலீமிடம் போய், "நான் கேட்டது தப்பு தம்பி" என்றார். சலீம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

மதுரை டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். பர்வீனை மட்டும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார், இல்லை என்றதும் நம்பினார். குடிப்பதால் வருவது உண்டுதான், ஆனால் ஒரு துளி தொடாதவர்களுக்கும் இந்தக் கற்கள் வரும், கேரளத்திலும் நம் தெற்குப் பக்கத்திலும் இளவயதிலேயே இதைப் பார்க்கிறோம் என்றார். அதைக் கேட்ட சலீமின் முகத்தை நான் மறக்க மாட்டேன். வலிக்கு மருந்து தொடங்குவதற்கு முன்பே பாதி வலி போனவன் மாதிரி இருந்தான். பர்வீனையும் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். "வயக்காட்டு மோட்டார் பைப்ல கல்லு அடைச்சிருச்சுன்னு வைங்க. மோட்டார் ஓட ஓட பைப் வீங்கும்ல? சாப்பிடும்போதெல்லாம் கணையம் சுரக்கும். போக வழியில்லை. அதான் வலி. சாப்பிடாம இருந்தா மோட்டார் ஓடலை. அவ்வளவுதான்." முதலில் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைப்பார்களாம். பிறகு வாய் வழியாக எண்டோஸ்கோபிக் குழாயை விட்டு, கணையக் குழாயின் வாயைச் சற்று அகலப்படுத்தி, உடைந்த தூளை எடுத்து, அடைக்காமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைப்பார்களாம். அதற்குப் பெயர் ஸ்டென்ட். இது வலியைக் குறைக்கும் வழி, கணையம் பழையபடி ஆகிவிடாது, சிலருக்கு அறுவை சிகிச்சைதான் நல்லது, இதைச் செய்தும் வலி நிற்காவிட்டால் அதைப் பேசுவோம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

அதிர்வலை சில தடவை கொடுத்தார்கள். முதுகில் யாரோ விடாமல் சுண்டுகிற மாதிரி இருக்கிறது என்றான். எண்டோஸ்கோபிக்கு முந்தின இரவு நர்ஸ் வந்து, இனி எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது, இருந்துவிடுவீர்களா என்று கேட்டார். "அது நமக்குப் பழக்கம்தான் சிஸ்டர்" என்றான். நானும் பர்வீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனவர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். நன்றாக முடிந்தது என்றார் டாக்டர். சாயங்காலமே வலி திரும்பிவிட்டது, முன்னைவிட அதிகமாக. கட்டிலில் சுருண்டு, போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சிகிச்சையாலேயே சிலருக்குக் கணையம் திடீரென்று வீங்கும், அதை முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் கையெழுத்துப் போடும்போது அது நமக்கு வராது என்றுதானே நினைக்கிறோம்! "மைனி, நோன்பாவே இருந்திருக்கலாமோ? வலியாவது கொறச்சலா இருந்திச்சே" என்று பர்வீன் கேட்டாள். வெளியே போய் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினேன். அந்த இரண்டு இரவும் நான் பயந்ததைப் போல அதற்கு முன் பயந்ததில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு ஒரு நாள் காலையில் இரண்டு இட்லி. சலீம் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலி வரும் என்று காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம். அரை மணி ஆனது, முக்கால் மணி ஆனது. வரவில்லை. மெல்ல முதுகைச் சாய்த்து, நிமிர்ந்து படுத்து, காலை நீட்டினான். அவன் காலை நீட்டிப் படுத்துப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று பர்வீன் சொன்னாள்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய ஸ்கேன் படம், ரிப்போர்ட் எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். செலவு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அரசுக் காப்பீடு இருந்தால் எதற்கெல்லாம் பொருந்தும் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், கூட இருப்பவருக்குப் பக்கத்தில் அறை பார்த்து வையுங்கள். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், கடும் வலி, கறுப்பு நிறத்தில் மலம் என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஓடுங்கள். குடியும் புகையும் அறவே கூடாது. எண்ணெய்ப் பண்டம் குறைவு, சாப்பாட்டோடு டாக்டர் தரும் செரிமான மாத்திரை, சர்க்கரைப் பரிசோதனை. இதெல்லாம் தொடர்ந்து இருக்கும்.

முக்கியமாக, வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு: ஸ்டென்ட் என்பது உள்ளே வைத்து மறந்துவிடுகிற பொருள் இல்லை. டாக்டர் சொல்லும் தவணையில் மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்று விமானம் ஏறி, அங்கே அது அடைத்து, காய்ச்சலோடு திரும்பி வந்த ஒருவரை வராந்தாவில் பார்த்தோம். சலீமின் முதலாளியும் போன் மேல் போன் போட்டார். அவன் போகவில்லை. இரண்டு தடவை மதுரை போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

பிறகு இந்த வருடம் ரமலான் வந்தது. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், சர்க்கரை வேறு எட்டிப் பார்க்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். தீராத நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்றார். மார்க்கம் விட்டுவிட்டது, தெரு விடுமா? நோன்பாளி என்று பேர் எடுத்தவன் ரமலானில் பகலில் சாப்பிடுவதா? சலீம் உம்மாவுக்கும் சொல்லாமல் தினமும் பதினொன்றரைக்கு டிபன் பாக்ஸை வண்டியில் வைத்துக்கொண்டு குற்றாலம் போய்விடுவான். நான் ஊருக்கு வந்திருந்த அன்று அவனோடு நானும் போனேன். சீசன் இல்லாத குற்றாலம் பார்க்கச் சகிக்காது. பாறையில் ஈரம் கசிகிறது, கடைகள் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. என் தம்பி மூடிய சிப்ஸ் கடையின் பின்னால், குரங்குக்குப் பயந்தும் ஊர்க்காரர்களுக்குப் பயந்தும், அவசர அவசரமாகச் சாப்பிட்டான். "முந்தி வலி இருந்திச்சு, நோன்புன்னு சொன்னேன். இப்ப நெசமாவே வைக்கணும்னு இருக்கு லாத்தா, வைக்க முடியல" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா வாசலிலேயே கேட்டாள். "எங்கன போய் சாப்பிட்டிய?"

இருவரும் விழித்தோம்.

"நோன்பாளி வாய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாலே? நாளைக்கு இங்கன உக்காந்து சாப்பிடு."

மறுநாள் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, உம்மா முன்கூடத்தில் பாய் விரித்து சலீமை உட்கார வைத்தாள். சோறு, புடலங்காய் பருப்பு, எண்ணெயில்லாமல் குழம்பில் வெந்த மீன். பர்வீன் தெருக்கதவைச் சாத்தப் போனாள். "கெடக்கட்டும்" என்றாள் உம்மா. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு மைதீன் காக்கா வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டார். "எம்மவனுக்கு நோக்காடு, சாப்பிடுதான். நீங்க தொழுவப் போங்க" என்று உம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சலீம் மாத்திரையைப் போட்டு முதல் வாய் எடுத்தான். உம்மா கேட்டாள். "முந்தி வச்ச நோன்பெல்லாம்?"

அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். "அதுவும் நோன்பு இல்ல உம்மா. சாப்பிட்டா வலிக்கும், அதான்."

"தெருவெல்லாம் பெருமை பேசிட்டு வந்தேனே. ஒரு நாளாவது வலிக்குதாலேன்னு ஒன்ட்ட கேட்டனா?" என்று சொல்லி உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு எழுபது வயது, அன்று அவள் நோன்பு, உதடு காய்ந்து வெடித்திருந்தது. "சாப்பிடு" என்றாள்.

அவன் ஒரு வாய் சாப்பிட்டான்.

"வலிக்குதா?"

"இல்ல உம்மா."

இன்னொரு வாய்.

"இப்ப?"

"இல்ல உம்மா."

ஒவ்வொரு வாய்க்கும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் இல்லை என்றான். தட்டு காலியாகிற நேரத்தில் அவள் மறுபடி கேட்டபோது, அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைங்க உம்மா" என்றான்.